ஃபில்டரும் ஆக்சஸ் லிஸ்ட்டும்: ரௌட்டருக்குள் ஒரு நெய்யரி

வலையில் தரவுக்கு வழிகாட்டும் கருவியான ரௌட்டரில் வேலை பார்ப்பவர்கள் ரூட் ஃபில்டர், ஆக்சஸ் லிஸ்ட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், பல நேரம் இதற்கு அதையும் அதற்கு இதையும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஃபில்டர் என்ற சொல் இடைக்கால இலத்தீனின் ஃபில்ட்ரம் என்பதிலிருந்து வந்தது. அப்படியென்றால் ஃபெல்ட் துணி, கம்பளி மயிரை அழுத்திச் செய்வது. அதில் ஊற்றித்தான் திரவங்களைத் தெளிய வைத்தார்கள். நாமும் பாத்திரத்தின் வாயில் துணி கட்டி வடித்தவர்கள்தானே, அதனால் வடிகட்டி என்பது இதற்குக் கச்சிதம். நன்னூலில் நெய்யரி என்றொரு சொல் வருகிறது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் கடைமாணாக்கனுக்கு அதை உவமை சொல்கிறார் பவணந்தியார். பாவம் மாணவன்! ஆனால் ரௌட்டருக்கு வேண்டியது அசல் நெய்யரி.

சரி, ரூட் ஃபில்டர் எதை வடிக்கிறது? பாக்கெட்டுகளை, அதாவது வலையில் போகும் தரவுத் துண்டுகளை அல்ல. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வா" என்று ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் அறிவிப்புகளில் எதை ஏற்பது, எதை அடுத்தவருக்குக் கடத்துவது என்பதைத்தான். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப்போன பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது, அதற்கு இணைய இணைப்பு தந்த பிசிசிடபிள்யூ நிறுவனமும் வடிகட்டாமல் உலகுக்கு அனுப்பிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது அதை உள்ளடக்கிய /22 தொகுதியை (சாய்கோட்டுக்குப் பின் எண் பெரிதானால் தொகுதி சிறியது). குறுகிய முகவரித் தொகுதிக்கே முன்னுரிமை என்பதால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூபுக்கான போக்குவரத்து பாகிஸ்தான் டெலிகாம் பக்கம் இழுக்கப்பட்டது. ஆக, வழி வடிகட்டி என்றே சொல்லலாம்.

ஆக்சஸ் லிஸ்ட்டுக்குச் சிலர் அனுமதிப் பட்டியல் என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெர்மிட் (விடு) மட்டுமா, டினையும் (மறு) அதில்தானே இருக்கிறது? ஆக்சஸின் இலத்தீன் மூலத்துக்கு நெருங்கி வருதல் என்று பொருள், அணுகல் அதற்கு அப்படியே பொருந்தும். இந்தப் பட்டியல் ரௌட்டரில் பிறந்ததுகூட இல்லை. 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளத்தில் எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று குறித்துவைக்க இருந்தது. அப்புறம் ரௌட்டருக்கு வந்து பாக்கெட்டுகளுக்குக் காவல் நின்றது.

குழப்பம் எங்கே என்றால், சிஸ்கோ ரௌட்டரில் இதே அணுகல் பட்டியலை டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் என்ற கட்டளை வழியாக வழி வடிகட்டவும் இரவல் வாங்கலாம். இன்டர்ஃபேஸில், அதாவது ரௌட்டரின் இணைப்பு வாயிலில் மாட்டினால் பெர்மிட் என்பது "பாக்கெட் போகட்டும்". டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட்டில் அதே பெர்மிட் "இந்த வழியை ஏற்றுக்கொள்". அதிலும் 1 முதல் 99 வரையிலான ஸ்டாண்டர்டு பட்டியலுக்கு மாஸ்க்கின் நீளம், அதாவது சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் தெரியாது. 10.0.0.0 0.255.255.255 (10-இல் தொடங்கும் எதுவும்) என்று எழுதினால் 10.0.0.0/8, 10.1.0.0/16, 10.1.1.0/24 எல்லாமே உள்ளே வந்துவிடும். நீளத்தையும் பார்க்க வேண்டுமானால் பிரிஃபிக்ஸ் லிஸ்ட்தான், தமிழில் முன்னொட்டுப் பட்டியல்.

பட்டியல் என்ற சொல்லில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நெருடல். மளிகைப் பட்டியலில் துவரம்பருப்பை மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் ஒன்றுதான். இங்கே மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியோடு ரௌட்டர் நின்றுவிடும், வரிசை மாறினால் தீர்ப்பே மாறும். போதாக்குறைக்கு, கடைசியில் நாம் எழுதாத ஒரு டினை வேறு. ஒரே ஒரு டினை வரி போட்டுவிட்டு "எல்லாமே நின்றுபோச்சே" என்று விழிப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள், கீழே ஒரு பெர்மிட் எனி (எதையும் விடு) எழுதியிருந்தால் தப்பித்திருப்பார்கள். இம்ப்ளிசிட் டினை என்கிற இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் தொக்கி நிற்கும் மறுப்பு. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறதே, அதே கதைதான்.