ரா ஃபைலுக்குள் நிறம் கிடையாது

போன வருஷம் அத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் எடுத்தேன். மதிய வெயில் மடியில் கிடந்த பூவின் மேல் நேராக விழுகிறது, முகம் நிழலில் இருக்கிறது, பின்னால் தெரு வெளுத்துக் கிடக்கிறது. கேமரா தந்த ஜேபெக்கை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது என்னடா, சாமந்தியா?” என்றார். பார்த்தால் உண்மைதான், வெயில் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு போய் வெறும் மஞ்சளாக இருந்தது.

ஆனால் அதே நொடியில் கேமரா ரா ஃபைலையும், அதாவது சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலையும், சேமித்திருந்தது. அதற்குள் அந்த ஆரஞ்சு பத்திரமாக இருந்தது. கேமரா கெடுத்ததை நான் வீட்டில் இலவச மென்பொருளை வைத்து எப்படி மீட்டேன் என்று புரிந்தால், “ரா எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?” என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். நிறம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டியை வைத்திருக்கிறார்கள்: நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களிலும் போன்களிலும் இருப்பது இதுதான். பச்சைக்கு ஏன் இரண்டு பங்கு என்றால், நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை அதிகம் உணர்வது பச்சைப் பகுதியில்தான்.

ஆக, சிவப்பு வடிகட்டிக்குக் கீழே இருக்கும் பிக்சலுக்குப் பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று தெரியவே தெரியாது. இதை நேரிலேயே பார்க்கலாம். ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ஒரு ரா ஃபைலைத் திறந்து, டெமொசைக் முறை என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் அத்தையின் படத்தை அப்படிப் பார்த்தேன். பூவே இல்லை, சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள்தான் இருந்தன. கனகாம்பரம் இருந்த இடத்தில் நாலில் ஒரு கட்டம் பளிச்சென்று இருக்கிறது, மற்றவை மங்கிக் கிடக்கின்றன. இதிலிருந்துதான் முழுப்படத்தையும் கட்டி எழுப்ப வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறத் தகவலை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணித்து நிரப்ப வேண்டும். இந்த வேலைக்குப் பெயர்தான் டெமொசைக்.

மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் தொடங்குவது இங்கேதான். வெறுமனே பக்கத்துப் பிக்சல்களின் சராசரியைப் போட்டால் விளிம்புகள் ஜிப் மாதிரி பல்பல்லாகத் தெரியும், நுணுக்கமான கோடுகளில் இல்லாத வண்ணங்கள் முளைக்கும். அத்தை கட்டியிருந்தது பொடிக்கட்டம் போட்ட கைத்தறிப் புடவை, டெமொசைக்குக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. இந்தக் கோளாறுகளைக் குறைப்பதற்காகவே எழுதப்பட்ட ‘அமேஸ்’ என்ற கணக்குமுறையை உருவாக்கியவர் எமில் மார்ட்டினெக், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சரக் கோட்பாடு ஆராயும் இயற்பியலாளர். அவர் தந்த அந்த முறை ராதெரபியிலும் டார்க்டேபிள் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலும் யாருக்கும் இலவசம். குறைந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) எடுத்த படங்களுக்கு அமேஸ் அருமையாக இருக்கும். அதிக ஐஎஸ்ஓவில் நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளி இரைச்சல்) நிறைந்த படம் என்றால் அது நாய்ஸையும் நுணுக்கம் என்று நம்பிப் புழு நெளிவது மாதிரி ஆக்கிவிடும், அதற்கு ராதெரபியில் ‘எல்எம்எம்எஸ்இ’, ‘ஐஜிவி’ என்று வேறு முறைகள் இருக்கின்றன. ஃபுஜிஃபில்ம் கேமரா வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் கதையே வேறு. 2012-இல் வந்த எக்ஸ்-புரோ1-இலிருந்து அந்த நிறுவனம் பல மாடல்களில் ஆறுக்கு ஆறு கட்டமுள்ள எக்ஸ்-டிரான்ஸ் அமைப்பைப் பயன்படுத்துகிறது, அதற்கு மார்க்கெஸ்டைன் என்ற தனி டெமொசைக் முறை வேண்டும். அதுவும் இந்த இரண்டு மென்பொருளிலும் உண்டு.

சரி, ஆரஞ்சு எப்படி மஞ்சளானது? 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு பிக்சலும் 0-விலிருந்து 16,383 வரை ஒரு எண். பச்சையோடு ஒப்பிட்டால் சிவப்பு பிக்சலும் நீல பிக்சலும் வெயில் வெளிச்சத்தில் குறைவாகத்தான் எண்ணும், அதைச் சரிக்கட்டத்தான் ஒயிட் பேலன்ஸ் என்ற பெயரில் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குகிறார்கள். சிவப்பைப் பல கேமராக்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். அத்தையின் பூவில் ஒரு சிவப்பு பிக்சல் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் அளவில் அது நிரம்பவே இல்லை, இடம் நிறைய இருக்கிறது. இரண்டால் பெருக்கினால் 18,000, உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. கேமரா அதை வரம்பிலேயே வெட்டி, மேலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டையும் நிறத்துக்கு அழுத்தத்தையும் சேர்த்து, வண்ணத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள 8 பிட் ஜேபெக்காக எழுதிவிட்டது. சிவப்பு முட்டி நின்றுவிட, பச்சை மட்டும் ஏறியது. சிவப்போடு பச்சை கூடினால் மஞ்சள். ரா ஃபைலில் 9,000 என்பது 9,000-ஆகவே இருந்ததால், எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) இறக்கி, உச்சத்தை மெதுவாக வளைத்ததும் கனகாம்பரம் திரும்ப வந்தது.

பின்னாலிருந்த தெரு வேறு மாதிரியான சேதம். அங்கே பச்சை பிக்சல்கள் சென்சாரிலேயே நிரம்பி வழிந்துவிட்டன. அந்த நிலையில் ஒயிட் பேலன்ஸ் பெருக்கினால் சிவப்பும் நீலமும் மேலே போகும், பச்சை அங்கேயே நிற்கும், வெள்ளைச் சுவர் ரோஸ் நிறமாகும். இழந்ததை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது, அக்கம்பக்கத்தை வைத்து நம்பும்படி ஊகிக்கத்தான் முடியும். டார்க்டேபிளில் இதற்குத் தானாகவே ஒரு மீட்பு முறை ஓடிக்கொண்டிருக்கிறது, ராதெரபியிலும் இருக்கிறது. பழைய மென்பொருளில் ரோஸாக வந்த படங்களை இவற்றின் புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து பாருங்கள், நான் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்த பல படங்களை அப்படி மீட்டிருக்கிறேன்.

இப்போது தேர்வுக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டார்க்டேபிளில் ரா ஃபைலைத் திறந்தால் படம் சப்பென்று இருக்கும், கேமரா திரையில் பார்த்தது எவ்வளவு நன்றாக இருந்தது என்று தோன்றும், உடனே “இது சரியில்லை” என்று அழித்துவிடுவார்கள். கேமரா திரையில் நீங்கள் பார்த்தது ரா ஃபைலை அல்ல, அதற்குள் ஒட்டிவைத்திருக்கும் ஒரு ஜேபெக்கை. ராதெரபியில், அந்த ஜேபெக்கைப் பார்த்து அதற்கு ஒத்த வளைகோட்டைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி உள்ளது, அதனால் முதல் பார்வையிலேயே பழகிய முகமாகத் தெரியும். டார்க்டேபிள் வேண்டுமென்றே அப்படிச் செய்வதில்லை. வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணும் இரட்டிப்பாக வேண்டும் என்ற நேர்கணக்கைக் கடைசிவரை காப்பாற்றி, திரைக்கு ஏற்ற வளைகோட்டை முடிவில்தான் போடுகிறது. ஃபில்மிக், சிக்மாய்டு என்ற பகுதிகள் செய்வது அந்தக் கடைசி வேலையைத்தான். வளைகோடு முன்னால் வந்துவிட்டால் அதற்கப்புறம் எக்ஸ்போஷர் ஏற்றும்போது நிறம் வழுக்கும், மங்கலாக்கினால் விளிம்பு இயல்பாக இருக்காது. 2024 இறுதியில் வந்த 5.0 பதிப்பில் நூற்றுக்கணக்கான கேமராக்களுக்கு அவற்றின் ஜேபெக்கை நெருங்கும் ஸ்டைல்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஆரம்பத்தில் அதைப் போட்டுக்கொண்டு பழகலாம்.

என் கணக்கு இதுதான். படம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, நுணுக்கத்தைப் பிழிந்தெடுக்க விரும்புகிறவருக்கு ராதெரபி. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் தொடங்கி, 2010-இல் மூலநிரலைத் திறந்துவிட்ட மென்பொருள். டெமொசைக், கூர்மை விஷயங்களில் இதைவிட அதிகத் தெரிவு தரும் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஜிபியுவை (கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப்பை) பயன்படுத்தாது, சில மாற்றங்களை 100% அளவில் பார்த்தால்தான் தெரியும். கல்யாண வீட்டில் எண்ணூறு படம் எடுத்துவந்து, முகத்தை மட்டும் ஏற்றி வானத்தை மட்டும் இறக்கும் வேலை தினமும் இருப்பவருக்கு டார்க்டேபிள். படங்களைத் தரம்பிரித்து வைக்கும் நூலகம் உண்டு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து மாற்றும் மாஸ்க் வசதி பிரமாதம், கேமரா மாடலுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் தனித்தனியாக அளந்துவைத்த நாய்ஸ் விவரங்களைக் கொண்டு நாய்ஸைக் குறைக்கும். கற்றுக்கொள்ள ஒரு மாதமாவது கேட்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டும் மிரட்டினால் ராதெரபியிலிருந்து கிளைத்த ஆர்ட் என்று ஒன்று இருக்கிறது, பொத்தான்கள் குறைவு, மாஸ்க் எளிது.

கேமரா கம்பெனி தரும் இலவச மென்பொருளையும் ஒதுக்கிவிடாதீர்கள். கேனானின் டிபிபி, நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இரண்டும் கேமராவின் நிறத்தை அப்படியே தரும், வேறு யாராலும் அவ்வளவு துல்லியமாகத் தர முடியாது. ஃபுஜியின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இன்னும் சுவாரஸ்யம்: கேமராவைக் கேபிளில் மாட்டினால், கணக்குப்போடுவது உங்கள் கம்ப்யூட்டர் அல்ல, கேமராவுக்குள் இருக்கும் சிப். நிறத்தில் பெரிதாக மாற்றம் வேண்டாதவருக்கு இதுவே போதும். முன்பு ஒருமுறை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அஃபினிட்டி என்ற படத் தொகுப்பு மென்பொருள் 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகிவிட்டது, கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் கணக்கு ஒன்று வேண்டும். ரா திறக்கும், லேயர் வேலையும் பார்க்கும். மாதச் சந்தா கட்டும் மென்பொருளிலேயே வேலை முடிகிறது, காசும் இடிக்கவில்லை என்றால் மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இறக்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் கேமரா மாடல் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா. கம்பெனிகள் ரா வடிவத்தைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை, டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997-இல் தொடங்கி இருபது வருஷம் ஒவ்வொரு கேமராவின் ஃபைலையும் பிரித்துப் படித்து எழுதிய டிசிரா என்ற நிரல்தான் பல மென்பொருள்களுக்கு வேர். இன்றும் அந்த வேலையைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள், அதனால் புத்தம்புதுக் கேமராவுக்குச் சில மாதம் பொறுக்க வேண்டிவரலாம். இன்னொன்று மெமரி (ரேம்). டார்க்டேபிள் ஒரு பிக்சலுக்கு 16 பைட் ஒதுக்குகிறது, 24 மெகாபிக்சல் படத்தின் ஒரே ஒரு நகலுக்கு 384 எம்பி, கணக்கின் நடுவில் இப்படிச் சில நகல்கள் தேவைப்படும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி, 4 ஜிபி லேப்டாப்பில் ஏற்றுமதி செய்யும்போது மூச்சுத்திணறும்.

அப்புறம், டார்க்டேபிளும் ராதெரபியும் ரா ஃபைலைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்த மாற்றங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஃபைலில் போய் உட்காரும், டார்க்டேபிளில் எக்ஸ்எம்பி, ராதெரபியில் பிபி3. இது தெரியாமல் நான் ஒருமுறை ரா ஃபைல்களை மட்டும் வேறு டிஸ்குக்கு மாற்றிவிட்டு மீதியைக் குப்பை என்று நினைத்து அழித்தேன், மூன்று வார வேலை போனது. ஒன்றில் செய்ததை மற்றொன்று அப்படியே புரிந்துகொள்ளாது, அதனால் ஆயிரம் படம் எடிட் செய்வதற்கு முன்பே தேர்வை முடித்துவிடுங்கள். அதற்கு நல்ல வழி, உங்களிடம் இருப்பதிலேயே மோசமான வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு ரா ஃபைலை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பது. எளிதான படத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

என்னுடைய பரீட்சைப் படம் அத்தையின் படம்தான். ராதெரபியில் அமேஸ் போட்டேன், புடவையின் பொடிக்கட்டம் கலங்காமல் வந்தது, தெரு வெள்ளையாகவே நின்றது. புது பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஆமா, கனகாம்பரம்” என்றார். பூவைவிடப் புடவையைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதைக் கிழித்துத் தலையணை உறை தைத்து ஆறு மாதம் ஆகிறதாம்.