கிராஃபீனை ஏன் அணைக்க முடியவில்லை?

எஃகைவிட வலு, ஓர் அணு தடிமன், தாமிரத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று கார்பன் தாளான கிராஃபீனின் பெருமைகளை எல்லோரும் அடுக்குவார்கள். எல்லாம் சரி, 2004-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் சாதாரண ஒட்டு டேப்பால் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து அதை உரித்தெடுத்து, 2010-இல் நோபல் பரிசும் வாங்கியாயிற்று, அப்புறமும் சிப்புகளில் சிலிக்கான்தானே இருக்கிறது?

சிக்கல் கிராஃபீனின் தாராள குணத்தில்தான். சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச், மின்சாரத்தை விடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் எலக்ட்ரான்கள் நுழைய முடியாத ஓர் ஆற்றல் இடைவெளி அந்தப் பொருளில் இருக்க வேண்டும். சிலிக்கானில் அது சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட், கிராஃபீனில் பூஜ்யம். அங்கே ஒவ்வொரு கார்பனும் பக்கத்து மூன்று கார்பன்களோடு மூன்று எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கிறது, மிஞ்சும் நான்காவது எலக்ட்ரான் தாள் முழுக்கத் திரிகிறது. என்ன செய்தாலும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டே இருக்கும் குழாய் மாதிரி.

அந்த நான்காவதைக் கட்டிப்போட்டால்? ஒவ்வொரு கார்பனிலும் ஒரு ஹைட்ரஜனை ஒட்டினால் கிடைப்பது கிராஃபேன். இப்படி ஒன்று சாத்தியம் என்று 2007-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள், 2009-இல் மான்செஸ்டரிலேயே கிராஃபீனில் ஹைட்ரஜனை ஏற்றிக் காட்டினார்கள். கடத்தும் தன்மை வெகுவாகக் குறைந்தது. எனக்குப் பிடித்த விஷயம், சூடாக்கினால் ஹைட்ரஜன் கழன்று பழைய கிராஃபீன் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளோரின் என்றால் இன்னும் உறுதியான மின்காப்புத் தாள்.

எதையும் ஒட்டாமல் கார்பன்களின் அடுக்கையே மாற்றுவது இன்னொரு வழி. கிராஃப்டையைன் என்ற கார்பன் தாளில் அறுகோணங்களுக்கு நடுவே மும்மைப் பிணைப்புச் சங்கிலிகள் வருகின்றன. சீன அறிவியல் கழகத்தினர் 2010-இல் தாமிரத் தகட்டின்மேல் இதை வளர்த்தார்கள். ஆற்றல் இடைவெளியும் உண்டு, சீரான துளைகளும் உண்டு, அதனால்தான் லித்தியம் பேட்டரிக்காரர்களுக்கு இதன்மேல் ஒரு கண். 2021-இல் தங்கப் பரப்பில் உருவாக்கிய பைஃபினைலீன் என்ற கார்பன் வலை நேர் எதிர்: நான்கு, ஆறு, எட்டு பக்க வளையங்கள், மெல்லிய பட்டையிலேயே உலோகம் போல நடக்கிறது. கார்பன் மின்சுற்றுகளுக்குக் கம்பியாகலாம் என்கிறார்கள்.

ஆனால் வேலைக்கு முந்தி வருவது, என் கணிப்பில், அழகில்லாத கிராஃபீன் ஆக்சைடுதான். கிராஃபைட்டை அமிலத்தில் ஆக்சிஜனேற்றி நீரில் கலக்கினால் போதும், மூட்டை மூட்டையாகச் செய்யலாம். இதன் தாள்களை அடுக்கி உப்பு நீரை வடிகட்டப் பார்த்தார்கள், ஆனால் நனைந்ததும் அடுக்குகள் உப்பி, உப்பும் கூடவே புகுந்துவிட்டது. 2017-இல் இருபுறமும் எப்பாக்சிப் பசையால் இறுக்கிப் பிடித்து அந்த உப்பலை மான்செஸ்டர் குழு அடக்கியது.