ஒரு பக்கம் தட்டை: பிலிப்பைன்ஸ் வாளின் ஊரை அறிவது எப்படி?

பழைய பிலிப்பைன்ஸ் வாளைப் பார்த்ததும் அது எந்தத் தீவில் அடித்தது என்று சொல்ல முடியுமா? வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் முடியும். ஆனால் கைப்பிடியிலிருந்து தொடங்காதீர்கள். மரப்பிடி உடைந்தால் வேறு மாட்டிவிடுவார்கள், உறையும் அப்படித்தான். அலகையே முதலில் நம்ப வேண்டும்.

தெற்கத்தி வாள்கள் எளிது. முதுகு தடித்து, இலை போலக் குட்டையாக இருந்தால் பாரோங்: சூலு, பசிலான் பக்கம். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் நுனி நோக்கி அகன்று, பிடி வாய் பிளந்தாற்போல் இருந்தால் கம்பிலான்: மிண்டனாவோவின் மகிந்தனாவ், மரனாவ் மக்களுடையது. அலையலையான கிரிஸ் தெற்கில் பலருக்கும் பொது. வளைவுகளை எண்ணி ஊர் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது நடுவிலுள்ள விசயாஸ் தீவுகளின், குறிப்பாகப் பனாயின், வாள். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அலகின் நெடுகப் பாருங்கள். வெட்டுவாய் நடுவில் இருக்காது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். இரும்பு ஸ்கேலை அலகின் குறுக்கே வையுங்கள். ஒரு முகத்தில் வெளிச்சம் கசியாத அளவுக்குத் தட்டை. மறுமுகத்தில் ஸ்கேல் ஆடும். தச்சரின் உளி இதே அமைப்புதான்.

இருபுறமும் 20 பாகை சாய்த்துத் தீட்டினால் வாயின் கோணம் 40 பாகை. ஒருபுறம் மட்டும் தீட்டினால் வெறும் 20. அதனால் ஆழமாக இறங்கும். ஆனால் வாய் மெலிந்திருப்பதால் கெட்டியான பொருளில் சீக்கிரம் மடங்கும். வெட்டும்போது சரிவான முகத்தையே பொருள் அதிகம் தள்ளுவதால் அலகு தட்டைப் பக்கமாக விலகும். வலக்கைக்காரரின் வாளில் அந்தத் தட்டை முகம் பெரும்பாலும் இடப்பக்கம். வாளை ஏந்திய கையைக்கூட இப்படி ஊகிக்கலாம் என்பது எத்தனை அழகு! கூடவே நிலவை விழுங்கும் பகுனாவா பாம்பின் தலை பிடியில் செதுக்கியிருந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

தப்பு நேரும் இடம் ஒன்று உண்டு. பிற்பாடு வாங்கியவர் தட்டை முகத்தையும் தீட்டியிருப்பார். வாயோரம் 2, 3 மில்லிமீட்டருக்குப் புதுச் சரிவு தெரியும். ஸ்கேலை அதற்கு மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.

அலகின் கறுப்புத் திட்டை ரத்தக்கறை என்று சொன்னால் நம்பாதீர்கள். புளித்த சாறு பட்டாலே எஃகு கறுக்கும். 1899-க்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துப்போன வாள்கள் ஏராளம். பலவற்றின் ஊர்ப்பெயர் கூடப் போகவில்லை. அருங்காட்சியகங்கள் கண்காட்சிக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, ஒவ்வொரு அலகின் குறுக்குவெட்டையும் பிடியோரம், நடு, நுனி என மூன்று இடத்தில் அளந்து பதிய வேண்டும்.