காவிரி டெல்டாவின் நாட்டு மீன்கள்: குஞ்சு விட்டால் மட்டும் போதுமா?

காவிரி டெல்டாவில் நாட்டு மீன்கள் அருகிவருவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆற்றில் மீன்குஞ்சு விட வேண்டும் என்ற கோரிக்கையே முதலில் வருகிறது. மீன்வள ஆய்வில் இருப்பவன் என்ற முறையில் என் கணிப்பு வேறு. கோடையில் தாய்மீன்கள் உயிர் பிழைத்திருக்க இடமில்லை என்பதே இங்குள்ள முதன்மைச் சிக்கல்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. அதன்பின் கிளையாறுகளும் வாய்க்கால்களும் வறள, மீன்கள் மடுக்களிலும் குளங்களிலும் ஒதுங்குகின்றன. விரால், குரவை, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை என்பதால் சேறும் கலங்கலுமான நீரிலும் தாக்குப்பிடிக்கும். வாளைக்கும் மற்றக் கெண்டைகளுக்கும் அந்த வசதி இல்லை. புதுத்தண்ணீர் வந்ததும் இவ்வாறு எஞ்சியவையே எதிரேறி, வாய்க்கால் வழியாக வயல்வரை சென்று முட்டையிடுகின்றன. ஆகவே மடுவை மோட்டார் வைத்து இறைத்துக் கடைசி மீன்வரை அள்ளிவிட்டால், அடுத்த பருவத்தில் ஏறிவர மீன் மிஞ்சாது.

தண்ணீர் வந்தபின் வயலோர வாய்க்காலில் கவனித்தால், விராலின் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழுந்து மூச்சு வாங்குவதும், அடியில் பெரிய மீன் காவல் நிற்பதும் தெரியும். நெருங்கிவரும் எதையும் பாய்ந்து தாக்கும் அந்த மீன் தூண்டிலில் எளிதாகச் சிக்கிவிடுகிறது. காவல் போனதும் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன.

சந்தையில் மொத்த எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை அந்த எடையை நிரப்பிவிடுகிறது. முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும் அதற்கு, வயலும் புதுவெள்ளமும் கட்டாயத் தேவையல்ல. கடலிலிருந்து ஆறேறும் உள்ளம் மீனின் கதை இன்னும் பழையது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் அதன் வரத்து வீழ்ந்தது.

குஞ்சு விடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பெரும்பாலும் விடப்படும் கட்லாவும் ரோகுவும் இந்திய மீன்களே ஆயினும், காவிரிக்கு உரியவை அல்ல. வெண்கெண்டை போன்ற இவ்வாற்று மீன்களை, இதே ஆற்றில் பிடித்த தாய்மீன்களிலிருந்து பெருக்கி விடுவதே பொருத்தமானது. 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை இன்றும் குளத்தில் வளர்ப்பவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கான்கிரீட் போட்ட வாய்க்காலில் தண்ணீர் விரைந்து கடைமடை சேரும் என்பது உண்மை, உழவருக்கு அது தேவையும்கூட. எனினும் புல்லும் பொந்தும் அற்ற அந்தக் கரைகளில் குஞ்சுகள் ஒதுங்க இடம் இராது. ஆங்காங்கே சிறு நீளத்துக்கு மண்கரையை விட்டுவைக்கலாம்.

இவை அனைத்தையும்விட எளிதானது குத்தகை நிபந்தனை. குளங்களை மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன்பிடி உரிமைக் குத்தகைக்கு, விடும்போது, ஆழமான ஒரு பகுதியைக் கோடையில் இறைக்கக் கூடாது என்றும், அங்கு மீன் பிடிக்கக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை. ஏலத்துக்கு முன்பே ஊராட்சியில் பேசி முடிவெடுத்தால் போதும்.