தேய்மானம் இல்லை, புரை

எங்கள் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சின்ன விழுகைதான். கிளினிக்கில் கொடுத்த துண்டில் ‘எலும்புத் தேய்மானம்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்தவர் நடப்பதையே விட்டுவிட்டார். கேட்டால், “தேயிற சாமானைப் பாவிச்சா இன்னும் தேயுமெல்லோ, தம்பி?” ஒஸ்ரியோபொரோசிஸ் என்ற நோய்க்குக் கிளிநொச்சிப் பக்கம் சொல்லும் இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ தரம் கேட்டும் பேசாமல் இருந்தவன்தான் நான். அன்றைக்கு முடியவில்லை.

ஒஸ்ரியோபொரோசிஸ் கிரேக்க வேர்களில் கட்டிய சொல். ‘ஒஸ்தியோன்’ எலும்பு, ‘போரோஸ்’ வழி அல்லது துளை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பேர்க் மருத்துவர் லொப்ஸ்டைன் வைத்த பெயர்.

சரி, தேய்வது என்றால் என்ன? செருப்பு தேயும், மண்வெட்டி அலகு தேயும். உரசி உரசி வெளிப்புறம் குறைவதுதான் தேய்மானம். முழங்கால் மூட்டுக்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தும். இங்கே எலும்பின் வெளி உருவம் அப்படியே இருக்கும். பழைய எலும்பைக் கரைக்கும் கலங்களும் புதிதாகக் கட்டும் கலங்களும் நம் உடம்பில் எந்நேரமும் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் என்ற ஓமோன் குறைய, கரைப்பது முந்திக்கொள்கிறது. உள்ளே வலைபோல் இருக்கும் பகுதி ஐதாகிவிடும். இதில் உரசல் எங்கே வந்தது? முறியும்வரை பெரும்பாலும் வலிகூட இராது. ஆனால் தேய்மானம் என்றதும் சனம் முழங்கால் வலியோடு போட்டுக் குழப்பி எண்ணெய் பூசுகிறது. பெரியம்மாவும் பூசினார். பாரம் விழுந்தால்தான் எலும்பு கட்டும். அதனால்தான் நடக்கச் சொல்கிறார்கள். இந்தச் சொல்லோ ஆளைக் கட்டிலில் இருத்திவிடுகிறது.

சோதனையையே பாருங்கள். டெக்ஸா ஸ்கானில் இடுப்பிலும் நாரியிலும் அளப்பது அடர்த்தியை. ரீ-ஸ்கோர், அதாவது இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு, -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. கல்சியம், விற்றமின் டி தவிர, கிழமைக்கொரு தரம் எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசை, எலும்பைக் கரைக்கும் கலங்களின் கையைக் கட்டுகிறது. (வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்கவேண்டும். இதையும் அந்தத் துண்டில் யாரும் எழுதவில்லை.)

தேய்மானத்துக்குப் பதில் வேறு என்ன சொல்லலாம்? ‘எலும்புருக்கி’ என்போரும் உண்டு. அது காசநோயின் பழைய பெயர். ‘எலும்புத்துளை’ என்றால் துறப்பணம் போட்டதுபோல் இருக்கிறது. எலும்பா என்பா என்று இன்னொரு சண்டை. பாடப்புத்தகத்தில் என்பு என்றுதான் படித்தோம், குறளிலும் இருக்கும் நல்ல சொல். ஆனால் பெரியம்மாவிடம் என்பு என்றால் அன்பு என்று கேட்பார். ஆகவே எலும்புப்புரை. புரையோடின புண்ணைத் தெரியாதவர் யார்? உள்ளே குடைந்துபோனது என்று சொல்லாமலே விளங்கும். கண்புரையை நினைத்துப் படலம் என்று மயங்குவார்கள் என்பது ஒரு நியாயமான எதிர்ப்பு. ஆனால் எலும்பில் யார் படலம் தேடப்போகிறார்?

இவ்வளவையும் பெரியம்மாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்ப கோறை பத்தின முருங்கை மாதிரி எண்டு எழுதியிருக்கலாமே” என்றார்.

எலும்புக்கோறை. அதையும் ஏற்றுக்கொள்வேன், தேய்மானத்தைத்தான் மாட்டேன்.