வீட்டில் எலெக்ட்ரிக் கார் சார்ஜ்: அனுமதி வேண்டாம், எர்த் வேண்டும்

"காருக்கு பணம் கட்டியாச்சு. இனி ஈபி ஆபீஸில் அனுமதி வாங்கணுமாப்பா?" என்று வில்லாபுரத்தில் இருக்கும் சித்தப்பா போன் செய்தார். மதுரையில் எலெக்ட்ரிக் கார் வாங்குகிற பலருக்கும் இதே சந்தேகம்தான். அனுமதி எதுவும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்தக் காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம், அதற்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டு நெறிமுறையில் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக் காருக்கும் போட்டுக் காசு வாங்கினால் கதை வேறு. அது வணிகம்.

அனுமதி வேண்டாம் என்பதால் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது வீடு ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று மின்வாரியத்தில் பதிவான அளவு, எத்தனை கிலோவாட் என்பது. மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நம் மதுரை மண்டலத்து எண்கள் 05-ல் தொடங்கும். பழைய வீடுகள் பலவற்றில் 2 அல்லது 3 கிலோவாட்தான் இருக்கும். காரோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜர் மட்டுமே 3.3 கிலோவாட் இழுக்கும். சித்திரை வெயிலில் இரண்டு ஏசியும் ஓடி, தண்ணீர் மோட்டாரையும் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே லோடைக் கூட்டச் சொல்லி ஆன்லைனிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். டெபாசிட்டும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

இதற்குக் கெடுவும் உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விண்ணப்பம் முழுமையாக இருந்தால், புது இணைப்போ மாற்றமோ பெருநகரங்களில் 3 நாளிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும், மேலூர், உசிலம்பட்டி பக்கக் கிராமங்களில் 15 நாளிலும் முடிய வேண்டும். கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதல் நாள் ஆகும். இழுத்தடித்தால் மின்னகம் 94987 94987-ல் புகார் பதியலாம்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்றால் மும்முனை இணைப்பு இல்லாமல் யோசிக்காதீர்கள். அதுவும் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும் சாமான். வீட்டின் மற்ற லோடை மீதி இரண்டு ஃபேஸுக்குப் பிரிக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு அது தேவையில்லை. 24 யூனிட் பேட்டரி, 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடும்.

சித்தப்பா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். டெலிவரி எடுத்த அன்று சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. கார் பழுது என்று சித்தி கோபப்பட்டார். பழுது காரில் இல்லை. அந்த வீட்டின் எர்த் ஒயரை 30 வருடத்துக்கு முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். பிறகு குழாயை பிவிசிக்கு மாற்றியபோது எர்த் போய்விட்டது; யாரும் கவனிக்கவில்லை. ஃபேனும் டிவியும் எர்த் இல்லாமலும் ஓடும். கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் கரண்டை விடும். வாசலோரம் குழி தோண்டிப் புது எர்த் போட்ட பிறகுதான் பச்சை விளக்கு வந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஓரிரண்டு வோல்ட்தான் காட்ட வேண்டும். பத்து, இருபது என்று போனால் எர்த்தைச் சரிசெய்யாமல் காரைச் செருகாதீர்கள்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சார்ஜிங் இடத்துக்கென்று சில அளவுகளைச் சொல்கின்றன. பிளக் பாயிண்ட் தரையிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் நம் போர்டிகோக்களுக்கு இது தேவையான விதிதான். பாயிண்டிலிருந்து காரின் சார்ஜிங் வாய் 5 மீட்டருக்குள் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனியாக இருக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் வர வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போடச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் பாயிண்டிலிருந்து ஒரு லைன் இழுத்துத் தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடினால் அந்த பிளக் ஓட்டை பழுப்பேறி உருகும். உரிமம் உள்ள வயர்மேனைத் தேடுவது நல்லது.

அப்புறம் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்ததே. 500-ஐத் தாண்டும்போதுதான் அடி விழும்: அதற்கு மேல் யூனிட் 8 ரூபாயைத் தாண்டும், 600-க்கு மேல் 9 ரூபாயைத் தாண்டும், 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடும் வீட்டில் காருக்காக 350 யூனிட் கூடினால் பில்லில் சுமார் 3,000 ரூபாய் ஏறும். அந்த 350 யூனிட்டில் கார் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் ஓடும். அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் 14,000 ரூபாய்க்கு மேல் குடிக்கும். பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

காருக்கென்று தனி இணைப்பு கேட்கவும் 2024 திருத்தம் வழி செய்கிறது. அதிலும் 100 யூனிட் இலவசம் வரும் என்று எண்ணி இறங்க வேண்டாம். எந்தக் கட்டண வகையில் தருவார்கள் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு சார்ஜருக்கு மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மானியம் கிடையாது. அதில் ஒதுக்கிய 2,000 கோடி ரூபாய் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு. மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள். மொட்டை மாடி சோலாருக்கு மட்டும் உண்மையிலேயே மானியம் இருக்கிறது: பிஎம் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பொது இணைப்பிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். அது வேறு கட்டண வகை, சண்டைக்கும் வழி. மீட்டர்கள் பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும். உங்கள் மீட்டரிலிருந்தே உங்கள் பார்க்கிங்குக்குத் தனி லைன் இழுத்துவிடலாம். சங்கத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் லோடு கூட்டும் விண்ணப்பம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போக வேண்டும். கார் புக் செய்யும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள்.