உதட்டில் ஓடும் 50 ஹெர்ட்ஸ்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள செங்டு நகருக்குப் போய் முதன்முதலாக மாபோ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் கறியைச் சாப்பிடுகிறவர்கள் பலரும் கேட்பது இது: "உதடு மரத்துப்போய் விறுவிறுவென்று அதிர்கிறதே, ஒவ்வாமையா?" இல்லை. அது ஹுவாஜியாவ், அதாவது சிச்சுவான் மிளகு, செய்கிற வேலை. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெயரில்தான் மிளகு. குடும்பம் எலுமிச்சை, கறிவேப்பிலையுடையது. மிளகாயின் எரிவைச் சிச்சுவானில் 'லா' என்பார்கள், இந்த மரமரப்பை 'மா' என்பார்கள். லா நமக்குப் பழகியதுதான்: மிளகாயிலுள்ள கேப்சைசின், நரம்பில் சூட்டை உணரும் ஏற்பியைத் திறந்துவிடுகிறது.

மா அப்படியல்ல. நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் எப்போதும் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவுதான் நரம்பை அடக்கி வைத்திருக்கிறது. ஹுவாஜியாவிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் அந்தக் கசிவு வழிகள் சிலவற்றை அடைத்துவிடுகிறது என்று 2008இல் எலி நரம்புகளில் கண்டார்கள். வழி அடைபட்டதும், யாரும் தொடாமலே நரம்பு துடிக்கத் தொடங்கிவிடும்.

எவ்வளவு வேகத்தில்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2013இல் அதை அளந்தே விட்டார்கள். உதட்டில் ஹுவாஜியாவைத் தடவி, விரலில் கருவியால் அதிர்வு கொடுத்து, இரண்டும் எப்போது ஒத்துப்போகின்றன என்று கேட்டார்கள். விடை, சுமார் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு. நம் வீட்டு மின்சாரத்தின் அதே வேகம்! உதடு அசையவே இல்லை. அதிர்வை உணரும் தொடுநரம்பிழைகள் மூளையிடம் அப்படிச் சொல்கின்றன, அவ்வளவுதான். உதடு கூசுவதை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பது தவறு. தொடு உணர்வின் ஓர் இழையைத் தனியே தட்டியெழுப்பிப் பார்க்க இதைவிட எளிய சாவி கிடைப்பது அரிது.

சமைப்பதென்றால் ஹுவாஜியாவின் தோல் மட்டும் போதும். கறுப்பு விதை மணலாய் நறநறக்கும், பொறுக்கி எறியுங்கள். எண்ணெயில்லாமல் சிறுதீயில் 2, 3 நிமிடம் வறுத்து, மணம் எழுந்ததும் இறக்கி, ஆறவிட்டுப் பொடித்துச் சலியுங்கள். தீ கூடினால் கசக்கும். நாள்பட்ட சரக்கில் மா போய்விடும்.

மரத்துப்போன வாயைத் தண்ணீர் தேற்றாது. சான்ஷூல் எண்ணெயில் கரைவது. வெறும் சோற்றை மென்றபடி காத்திருங்கள், தானே அடங்கும். மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடையில் காரக் குழம்பும் வெள்ளைக் குழம்பும் பிரிந்திருக்கும் 'யுவான்யாங்' சட்டியைக் கேளுங்கள். 'வேய் லா' என்று கேட்டால் மிளகாய்தான் குறையும். மரமரப்பு குறைய 'ஷாவ் மா' என்றும், அறவே வேண்டாமென்றால் 'பூ யாவ் ஹுவாஜியாவ்' என்றும் சொல்ல வேண்டும்.